மஞ்சள் கடுதாசி அபராதத்தைத் தீர்க்காது!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் மவ்லவி ஒருவர் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)

 

 

திவால் என்றதும் உங்களுக்கு 'முஃப்லிஸ்' பற்றிய ஹதீஸ் நினைவுக்கு வரும். தொழுகை, நோன்போடு மறுமைக்கு வந்து, பிறருக்குச் செய்த அநீதியால் அத்தனை நன்மைகளையும் பறிகொடுத்து நிற்பவனைப் பற்றிய ஹதீஸ் அது. ஜும்ஆ பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். இன்று நான் பேச வந்தது அந்தத் திவாலைப் பற்றி அல்ல. இந்த உலகத்திலேயே, மேஜிஸ்திரேட் கோர்ட் வாரண்டோடு வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் திவாலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஏன் தெரியுமா? கோர்ட் வாசல் டீக்கடைகளில் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். வக்கீலும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை. வியாபாரத்தில் நொடித்துப் போன நம் சகோதரன் கலங்கிப் போய் நிற்கும்போது, "பாய், ஒரு ஐ.பி. போட்டு விடுங்கள். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் கடனும் போச்சு, செக் கேஸும் போச்சு, கோர்ட் அபராதமும் போச்சு" என்று ஓதுகிறார்கள். இவனும் மனைவியின் காதில் கிடப்பதைக் கழற்றி விற்று அவர்கள் கையில் கொடுக்கிறான். ஆறு மாதம் கழித்து போலீஸ் வந்து கதவைத் தட்டுகிறது.

கடனுக்கும் அபராதத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியாததால் வரும் வினை இது.

மஞ்சள் கடுதாசி என்ன செய்யும்?

ஐ.பி. என்பது 'இன்சால்வன்சி பெட்டிஷன்'. "என் சொத்தை விற்றாலும் என் கடன் அடையாது" என்று கடனாளியே நீதிமன்றத்தில் சொல்வது. கடன் கொடுத்தவரும் இந்த மனுவைப் போடலாம். சென்னை நகரத்துக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம்; வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். மாவட்ட நீதிமன்றமோ, அதிகாரம் தரப்பட்ட சப் கோர்ட்டோ விசாரிக்கும். இரண்டுமே வெள்ளைக்காரன் போட்ட சட்டங்கள்.

"2016-இல் புதிய திவால் சட்டம் வந்ததே!" என்று படித்த இளைஞர்கள் கேட்பீர்கள். வந்தது. பெரிய கம்பெனிகளுக்கு உடனே அமலுக்கும் வந்தது. வங்கிகள் கோடி கோடியாக விட்டுக்கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளும் செய்திகளைப் பத்திரிகையில் படிக்கிறீர்கள். ஆனால், அந்தச் சட்டத்தில் தனிநபர்களுக்கும் கூட்டு வியாபாரங்களுக்கும் என்று எழுதிய மூன்றாம் பாகத்தை, கம்பெனிக் கடனுக்குத் தன் பெயரில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் கொண்டுவந்தார்கள். சாதாரணக் கடைக்காரனுக்கு இன்னும் கொண்டுவரவில்லை. ஆலை முதலாளிக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம், மளிகைக் கடைக்காரனுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம்! இதைக் கேட்க நாடாளுமன்றத்தில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்?

சரி, விஷயத்துக்கு வருவோம். நீதிமன்றம் ஒருவரைத் திவாலானவர் என்று அறிவித்துவிட்டால், அவருடைய சொத்து ரிசீவர் கைக்குப் போகிறது. கடன்காரர்கள் தனித்தனியாக வழக்குப் போட முடியாது. நீதிமன்ற அனுமதி வேண்டும். கடனுக்காகக் கைது செய்யாமலிருக்கப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். சொத்தை விற்று எல்லோருக்கும் விகிதப்படி பங்கிட்ட பின், நீதிமன்றம் 'விடுதலை' கொடுத்தால் மீதிக் கடனிலிருந்து சட்டப்படி விடுபடலாம். வியாபாரத்தில் உண்மையிலேயே நஷ்டப்பட்டவனுக்கு இது ஒரு நிவாரணம். இதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால், அதே 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-வது பிரிவை டீக்கடைக்காரர்கள் உங்களுக்குச் சொல்வதில்லை. விடுதலை கிடைத்தாலும் சில பொறுப்புகள் தீராது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அரசுக்குச் சேர வேண்டிய தொகை தீராது. மோசடி செய்து உண்டாக்கிய கடன் தீராது. மனைவி மக்களுக்குக் கொடுக்கும்படி மேஜிஸ்திரேட் உத்தரவிட்ட ஜீவனாம்சம் தீராது. கோர்ட் விதிக்கும் அபராதம் அரசுக்குச் சேர வேண்டியது அல்லவா? அது எப்படித் தீரும்?

2016-ஆம் ஆண்டுச் சட்டம் இதை இன்னும் பச்சையாகவே எழுதிவிட்டது. திவாலில் சேராத கடன்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அதன் முதல் இடத்திலேயே நீதிமன்றமோ தீர்ப்பாயமோ விதித்த அபராதத்தை வைத்திருக்கிறது. சென்ற 2025 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. வீடு கட்டித் தருவதாகச் சொல்லிக் கொடுக்காத ஒரு கட்டுமானத் தொழில் நடத்துபவர்; தேசிய நுகர்வோர் ஆணையம் அவர் மீது 27 அபராதங்கள் விதித்திருந்தது. "என் மீது திவால் மனு போடப்பட்டிருக்கிறது, அபராத வசூலை நிறுத்துங்கள்" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டது உச்ச நீதிமன்றம். பெரிய வக்கீல்களை வைத்து வாதாடியவருக்கே இதுதான் கதி!

கடன் வேறு, தண்டனை வேறு

கடன் உங்களுக்கும் கொடுத்தவருக்கும் இடையில் உள்ளது. அபராதம் நீங்கள் செய்த குற்றத்துக்கு நீதிமன்றம் கொடுத்த தண்டனை. சிறைத் தண்டனையை, "நான் ஏழை" என்று சொல்லித் தள்ளுபடி செய்துகொள்ள முடியுமா?

1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் ஒரு தீர்ப்பு எழுதினார். கொச்சியைச் சேர்ந்த ஒரு வங்கியின் கடன் வழக்கு அது. நேர்மையான கடனாளி, கையில் இல்லாத ஒரே காரணத்துக்காக அவனைச் சிறையில் தள்ளக் கூடாது. இருந்தும் கொடுக்காதவனைத்தான் தள்ளலாம் என்பது அதன் சாரம். இதைப் படித்தபோது எனக்கு மதரஸாவில் ஓதிய பாடம்தான் நினைவுக்கு வந்தது. வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. கஷ்டத்தில் இருப்பவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் (அல்குர்ஆன் 2:280). கடனாளியின் கையில் எதுவும் இல்லை என்று உறுதியாகிவிட்டால் காஜி அவனைச் சிறையில் வைத்திருக்கக் கூடாது என்று ஃபிக்ஹு நூல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆக, கடனுக்கு இந்தக் கருணை உண்டு. அபராதத்துக்கு இல்லை. "கட்டத் தவறினால் இத்தனை மாதம் சிறை" என்று தீர்ப்பிலேயே எழுதிவிடுவார்கள். அந்தச் சிறை, மற்ற தண்டனையோடு சேர்ந்து ஓடாது; அது முடிந்த பிறகு தனியாக அனுபவிக்க வேண்டும். சிறைக்கு அனுப்புவதோடு, அசையும் சொத்தை ஜப்தி செய்து ஏலம் விட மேஜிஸ்திரேட் வாரண்ட் போடலாம். அல்லது கலெக்டருக்கு எழுதி, நில வரி பாக்கியைப் போல வீடு வாசல் மீதும் வசூலிக்கச் செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 421-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதிய சட்டத்தில் 461.

செக் கொடுத்தவர்களே, கேளுங்கள்!

வியாபாரிகளே! நீங்கள் அபராதத்தில் சிக்கும் முக்கிய வழி செக்தான். சரக்கு எடுக்கும்போது தேதி போடாத செக்கைக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். வட்டிக்காரனிடம் (அல்லாஹ் காப்பாற்றுவானாக!) வெறும் கையெழுத்துப் போட்ட செக்கைக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். அது ரிட்டர்ன் ஆனால் 138-வது பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையில் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒரு சகோதரரின் கதையைச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். ரெடிமேட் துணி வியாபாரம். ஈரோட்டில் சரக்கு எடுத்து, 4 லட்சத்துக்கு செக் கொடுத்தார். வியாபாரம் படுத்தது. செக் திரும்பியது. வக்கீல் நோட்டீஸ் வந்தது. நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் குற்றமே இல்லை என்று சட்டம் சொல்கிறது. அந்த 15 நாளும் இவர் நோட்டீஸைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தார்! வழக்கு நடந்தது. 4 லட்சத்தை நஷ்ட ஈடாகக் கொடு, தவறினால் மூன்று மாதம் சிறை என்று தீர்ப்பு.

அப்போதுதான் டீக்கடை யோசனை. ஐ.பி. போட்டார். கடன்காரர் பட்டியலில் அந்த 4 லட்சத்தையும் சேர்த்தார். "இனிமேல் கோர்ட்டில் இருக்கிறது, யாரும் தொட முடியாது" என்று நிம்மதியாகத் தூங்கினார். பிடிவாரண்ட் வந்தது. சிறை போனார். மூன்று மாதமும் இருந்துவிட்டு வெளியே வந்தார். "நான் ஜெயிலிலேயே கழித்துவிட்டேன், இனி ஒரு பைசா தர வேண்டியதில்லை" என்று ஊரெல்லாம் சொன்னார். சில மாதங்கள் கழித்து வருவாய் ஆய்வாளர் வந்து வீட்டை அளந்தார்.

எப்படி? வெறும் அபராதமாக இருந்து, கட்டத் தவறியதற்கான சிறையை முழுவதும் அனுபவித்துவிட்டால், சிறப்புக் காரணத்தை எழுதி வைக்காமல் மறுபடி வசூல் வாரண்ட் போடக் கூடாது என்பது விதி. ஆனால், பாதிக்கப்பட்டவருக்குப் போக வேண்டிய நஷ்ட ஈடாக இருந்தால் அந்தத் தடை இல்லை. சிறையில் கிடந்தாலும் பணம் பாக்கிதான். 2017-இல் கேரளாவிலிருந்து போன ஒரு செக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் சகோதரர் சிறையையும் அனுபவித்தார், பணத்தையும் கட்டினார், ஐ.பி. போட்ட செலவும் போனது.

"கம்பெனி பெயரில் செக் கொடுத்தேன், கம்பெனியே திவால்" என்று சொல்வோரும் உண்டு. 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: கம்பெனி திவால் நடவடிக்கையில் இருந்தால் கம்பெனி மீதுள்ள செக் வழக்கு நிற்கும், கையெழுத்துப் போட்ட டைரக்டர் மீதுள்ள வழக்கு நிற்காது. 2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு: தனிநபர் தன் பெயரில் திவால் மனு கொடுத்தாலும் அவர் மீதான செக் வழக்கு நிற்காது.

இளைஞர்களே! இது உங்களுக்கு. "மாமா கம்பெனி ஆரம்பிக்கிறார், நீயும் ஒரு டைரக்டராக இருந்துகொள், கையெழுத்து மட்டும் போடு" என்று யாராவது சொன்னால், அந்தக் கையெழுத்துக்கு மாமா சிறை போக மாட்டார், நீங்கள் போவீர்கள். மரியாதைக்காகப் பேனாவை எடுக்காதீர்கள்.

சொத்தை மாற்றி எழுதலாமா?

வாரண்ட் வரும் என்று தெரிந்ததும் வீட்டை மனைவி பெயருக்கு ஹிபா எழுதுவது நம்மில் ஒரு பழக்கமாகிவிட்டது. அல்லாஹ்வின் சட்டத்தை ஏமாற்றுக் கருவியாக்குவது எவ்வளவு பெரிய துணிச்சல்! உலகச் சட்டத்திலும் இது எடுபடாது. திவால் மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள், உரிய கிரயம் வாங்காமல் மாற்றிய சொத்தை ரிசீவர் கேட்டு, நீதிமன்றம் ரத்து செய்யலாம். சொத்தை மறைத்தது தெரிந்தால் அதற்கே தனியாகச் சிறைத் தண்டனை உண்டு.

இன்னொன்று. அபராதத்தை வசூலிக்கத் தீர்ப்பிலிருந்து ஆறு ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது. அதற்குள் அவர் மவ்த்தாகிவிட்டாலும், அவர் விட்டுச் சென்ற சொத்தின் மீது பொறுப்பு தொடரும். மய்யித்தின் கடனையும் வஸிய்யத்தையும் தீர்த்த பின்புதான் வாரிசுகளுக்குப் பங்கு என்று சூரா அன்னிஸாவில் நாம் ஓதுகிறோம் அல்லவா? பாகம் பிரிக்க உட்காரும் ஜமாஅத் நிர்வாகிகள், இறந்தவர் மீது கோர்ட் அபராதம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். யாரும் கேட்பதில்லை.

கட்ட முடியாதவன் என்ன செய்வது?

பொய்யான வழியை அடைத்தால் மட்டும் போதாது, உள்ள வழியைக் காட்ட வேண்டும்.

அபராதம் மட்டும் விதித்து, கட்டத் தவறினால் சிறை என்று தீர்ப்பு வந்தால், அங்கேயே, அன்றைக்கே தவணை கேளுங்கள். முழுத் தொகைக்கும் 30 நாள் வரை அவகாசம் தரலாம். அல்லது இரண்டு மூன்று தவணையாகக் கட்ட அனுமதிக்கலாம். முதல் தவணை 30 நாளுக்குள், அடுத்தவை 30 நாளுக்கு மேற்படாத இடைவெளியில். ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். புதிய சட்டத்தில் இது 464-வது பிரிவு. கேட்டால்தான் கிடைக்கும். கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பவனுக்குக் கிடைக்காது.

உள்ளே போய்விட்டாலும் வழி இருக்கிறது. முழு அபராதத்தையும் கட்டிய நிமிடமே அதற்கான சிறை முடிந்துவிடும். முழுவதும் முடியாவிட்டால் பகுதியைக் கட்டலாம். 12,000 ரூபாய் அபராதம், தவறினால் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் முடிவதற்குள் 8,000 ரூபாயைக் கட்டிவிட்டால், இரண்டு மாதம் முடிந்ததும் விட்டுவிட வேண்டும். மீதி 4,000 ரூபாய்க்கான சிறையை அவன் அனுபவித்தாயிற்று. இந்தக் கணக்குத் தெரியாமல், "முழுப் பணம் சேர்ந்தால்தான் வெளியே வர முடியும்" என்று குடும்பத்தார் கையில் 8,000 ரூபாயை வைத்துக்கொண்டு ஆறு மாதம் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

செக் வழக்கில், எதிர்த்தரப்போடு எந்தக் கட்டத்திலும் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஐ.பி.க்குச் செலவழிக்கும் பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜமாஅத் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, சரக்குக் கொடுத்தவரின் கடைப் படியேறுங்கள். அவர் மார்வாடியாகவோ செட்டியாராகவோ முதலியாராகவோ இருக்கட்டும். நேரில் வந்து நின்றவனை அவ்வளவு எளிதில் யாரும் சிறைக்கு அனுப்புவதில்லை. ஓடி ஒளிந்தவன் மீதுதான் வைராக்கியம் வருகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஒரு தோழர் மரத்தில் இருந்த கனிகளை விலைக்கு வாங்கினார். கனிகள் அழிந்து பெருங்கடனாளி ஆனார். அவருக்குத் தர்மம் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் மக்களிடம் கூறினார்கள். மக்கள் கொடுத்தார்கள், கடன் அடைபடவில்லை. கடன் கொடுத்தவர்களை அழைத்து, கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிமில் இருக்கிறது.

இந்த ஹதீஸில் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சமுதாயம் கொடுத்தது. பிறகுதான் கடன்காரர்களின் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். நாம் முதல் பாதியை விட்டுவிட்டோம்.

கடனாளியின் கொடுக்கல் வாங்கலைக் காஜி முடக்கலாமா என்பதில் இமாம்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூடாது என்கிறார்கள். அவர்களின் மாணவர்கள் அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும், ஷாஃபி மத்ஹபினரும் முடக்கலாம் என்கிறார்கள். அந்த விவாதத்துக்கு இது மேடை அல்ல. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சப் கோர்ட் விடுதலை கொடுத்துவிட்டதால் மீதிக் கடன் அல்லாஹ்விடமும் தீர்ந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். கொடுத்தவர் மனமுவந்து மன்னிக்கும்வரை, அல்லது உங்களுக்கு வசதி வந்து நீங்கள் கொடுக்கும்வரை அது உங்கள் கழுத்தில்தான் இருக்கிறது.

ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளிகளும் ஒரு வகை (9:60). ரமளானில் சேலையும் அரிசியும் கொடுத்து முடித்துவிடுகிறோமே, இந்த வகைக்கு உங்கள் ஊர் பைத்துல்மாலில் ஒரு கணக்காவது இருக்கிறதா? செக் வழக்கில் வரும் நஷ்ட ஈடு அடிப்படையில் மனிதனுக்கு மனிதன் பட்ட கடன். ஆகுமான வியாபாரத்தில் நொடித்தவனுக்கு அதற்காக ஜகாத்திலிருந்து உதவலாம் என்பது என் கருத்து. அடிதடி செய்தவன், திருடியவன் மீது விதிக்கும் அபராதத்தை ஜகாத்திலிருந்து கட்டுவதை நான் ஏற்கவில்லை. அவன் தவ்பா செய்து திருந்தியவனாக இருந்தால் பொதுவான ஸதகாவிலிருந்து உதவலாம். உங்கள் ஊர் ஆலிம்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்ப்பாட்டம், மறியல் வழக்குகளில் அபராதம் கட்டச் சொல்லும்போது சில இளைஞர்கள், "கட்ட மாட்டேன், உள்ளே போகிறேன்" என்று வீரம் பேசுகிறீர்கள். கொள்கைக்காகச் சிறை செல்வதை நான் தடுக்கவில்லை. ஆனால், கட்டாமலும் போகாமலும் விட்டுவிட்டு, பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போதோ வளைகுடா விசா வந்தபோதோ நிலுவை வாரண்டைக் கண்டு பதறுவது வீரம் அல்ல. அபராதம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அமைப்பின் கிளை அலுவலகத்திலும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.

கடைசியாக, இன்றே செய்ய வேண்டிய வேலை. அபராதம் கட்ட வழியின்றி ஏழைகள் சிறையிலேயே கிடப்பதைத் தவிர்க்க, 2023-இல் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தண்டனை பெற்றவரின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை மாவட்டக் குழுவே அனுமதிக்கலாம். போதைப்பொருள், ஊழல், பண மோசடித் தடுப்புச் சட்டம், யு.ஏ.பி.ஏ. வழக்குகளுக்கு இது கிடையாது. சிறையில் இருப்பவருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். அதற்கு வருமானச் சான்றிதழ் தேவையில்லை, சிறையில் இருப்பதே தகுதி.

எனவே ஒவ்வொரு கிளையும் உங்கள் ஊரில் அபராதம் கட்ட முடியாமல் சிறையில் இருப்பவர்கள், வாரண்டுக்குப் பயந்து ஊரைவிட்டுப் போனவர்கள் ஆகியோரின் விவரத்தை எழுதுங்கள். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், தீர்ப்புத் தேதி, அபராதம் எவ்வளவு, அதில் நஷ்ட ஈடு எவ்வளவு, கட்டத் தவறினால் எத்தனை மாதம், இதுவரை எத்தனை நாள் உள்ளே இருந்தார் என்பவை வேண்டும். முஸ்லிம்கள் என்று மட்டும் பார்க்க வேண்டாம். உங்கள் தெருவில் இருக்கும் பிற சமுதாயச் சகோதரர்களின் பெயரையும் சேருங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அந்தப் பட்டியலோடு மாவட்ட நிர்வாகிகளைச் சந்தியுங்கள். தீர்ப்பு நகல் இல்லாவிட்டால் வழக்கு எண் மட்டும் போதும். நகலை நம் வக்கீல்கள் எடுத்துக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.